பரீதா மறித்து வைத்த பஸ்

போன கிழமை மன்னாரிலிருந்து ஊருக்குப் போனேன். பஸ் எங்கள் மாதா கோயில் வாசல்வரை போய் நின்றது. இறங்கும்போது டீசலும் கருவாடும் கலந்த பழைய மணம் மூக்கில் ஏறியது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். பரீதாவை நினைத்தால் வருகிற பொறாமை இத்தனை வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் ஊர் என்றால் கடலோரத்தில் முப்பது வீடு, ஒரு கோயில். பரீதாவின் ஊர் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம். அங்கே பள்ளிவாசலும் கடைகளும் உண்டு. இடையில் சைக்கிளையே தோளில் தூக்கிப் போகவேண்டிய மணல். எங்கள் இளவயதில் அவர்கள் ஊருக்கு பஸ் விடுவதென்று முடிவாகியிருந்தது. எங்கள் ஊரிலும் போதிய சனம் இருந்தால் அதை இங்கே வரை நீட்டுவதாகச் சொல்லி, ஆள் எண்ண ஓர் உத்தியோகத்தர் வந்தார். அவர் வந்த நாள் மடு மாதா கோயிலில் ஆவணித் திருநாள்.

திருநாள் என்றால் எங்கள் சனம் பானை சட்டி, பாய் தலையணையோடு போய் மடுக் காட்டில் கொட்டில் போட்டு இருந்துவிடும். ஊரில் மிஞ்சியது கால் முறிந்து கிடந்த என் பெரியப்பா மட்டும். கால்தான் முறிந்திருந்தது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"ஒருத்தரும் இல்லை ஐயா. குஞ்சு குருமான் எல்லாம் மாதாட்டப் போயிட்டுதுகள்" என்றாராம், பெருமையாக.

"அப்ப பஸ் ஆருக்கு?" என்று கேட்டு, எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

பஸ் பரீதாவின் வீட்டு வாசலோடு திரும்பியது. அம்மா ஒரு மாதம் பெரியப்பாவோடு கதைக்கவில்லை. நான் மாதாவோடும் கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

அந்த வருடம்தான் எனக்கும் பரீதாவுக்கும் மன்னாரில் ஒரே அரசாங்கக் கந்தோரில் தற்காலிக வேலை கிடைத்தது. ஒருத்தியைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவள் ஹோர்ன் சத்தம் கேட்டபிறகு ஆறுதலாக வாசல் படலையைத் திறப்பாள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டை மணலில் இழுபட்டு வருவேன். என் சீலைக் கரை முழுக்க மண். அவள் சீலையில் மடிப்புக் கலையாது. அந்த மடிப்பைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

உங்களுக்கு என்பதால் சொல்கிறேன், வெட்கம்தான். நான் தூரத்தில் வருவது தெரிந்தால் பரீதா ஒரு காலை பஸ்ஸின் புட்போட் படியிலும் மற்றதைத் தரையிலும் வைத்துக்கொண்டு நிற்பாள். அப்படி நின்றால் டிரைவரால் பஸ்ஸை எடுக்க முடியாது.

"ஏறு தங்கச்சி, நேரம் போகுது."

"எங்கட புள்ளை ஒண்டு வருது அண்ணே. அவ வந்தாத்தான் ஏறுவன்."

நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. பஸ்ஸுக்குச் சொந்தக்காரி மாதிரி நிற்கிறாளே என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அவள் காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் பஸ் எனக்காக நிற்கவில்லை. பிந்திப் போனதற்கு வரவுப் புத்தகத்தில் மூன்று சிவப்புக் கோடு. லீவுக் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அன்றிரவு நான் மாதாவிடம் மன்றாடினேன்: அந்த பஸ் நின்றுபோக வேண்டும், அவளும் ஒரு நாளைக்கு மணலில் நடந்து பார்க்க வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் என்பதால் அந்த ஊர்ச் சனம் முழுவதையும் இயக்கக்காரர் வெளியேறச் சொன்னார்கள். பஸ் ஓடவில்லை. பரீதா கைக்குழந்தையோடு கடற்கரைக்கு மணலில் நடந்து போனாள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு நான் மாதாவிடம் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை.

இப்போது சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். அவள் வரவில்லை, புத்தளத்தில் இருக்கிறாளாம். போன கிழமை பஸ் அவள் வீட்டடியில் நிற்காமலே வந்தது. படலை இருந்த இடத்தில் முள்ளு உடைமரம் வளர்ந்திருந்தது.

அவளை எனக்குத் தெரியும். புத்தளத்திலும் பிந்தி ஓடிவரும் யாரோ ஒருத்திக்காக புட்போட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அந்த ஒருத்தியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.