ஸ்நோவா, கிளிசரினா

கடல் கடந்து போய் லாபிஸில் நான் கடை வைத்திருந்தபோது, பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண் சம்பளம் வாங்கியதும் வருவாள். ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகம் பட்டுப்பட்டு அவள் விரல்களெல்லாம் வெடித்திருக்கும். முகம் வெளுக்கப் பூசும் ஸ்நோவை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு அதை வைத்துவிட்டு, கைக்குக் கிளிசரின் வாங்கிப் போவாள்.

ஒரு மாதம் ஸ்நோவையே வாங்கினாள்.

"கைக்கு வேணாமாம்மா?" என்றேன்.

"ஊருக்குப் போட்டோ அனுப்பணும் அண்ணே. கறுத்துப் போயிட்டேன்னு எங்கம்மா அழுவாங்க. கையை முந்தானைக்குள்ள வச்சுக்கலாம்ல?" என்றாள் அலுப்போடு.

எடுத்து வைத்திருந்த கிளிசரினைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அந்தத் தாய் போட்டோவில் மகள் முகத்தைப் பார்த்து நிம்மதியடைந்தாளா, கை எங்கே என்று தேடினாளா? இன்னும் யோசிக்கிறேன்.