விஜயகுமாரி சொன்ன மீதி

கச்சிபௌலியில் ஒரு கம்பெனிக் கட்டடத்தின் குளிரூட்டிய அரங்கில், திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் விஜயகுமாரிக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அமைச்சர் விஸ்வநாத்தின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படம். பேட்டி கொடுத்த பழைய ஆட்களையெல்லாம் வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். திரையில் அவள், "அவரை எங்கள் வீட்டு மனுஷனாக நினைத்தோம்" என்று தெலுங்கில் சொன்னாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னணியில் புல்லாங்குழல் அழுதது. அரங்கம் கைதட்டியது. படம் அடுத்த ஆளிடம் போய்விட்டது.

அவள் சொன்னது அதுவல்ல. "வீட்டு மனுஷனாக நினைத்தோம், அவன் எங்களை வாட்ச்மேனை விட்டுத் தள்ளினான்" என்பதுதான் அவள் சொன்ன வாக்கியம். கண்ணீரும் அப்போது வரவில்லை. கணவன் உமாசங்கர் செத்ததைச் சொன்னபோது வந்தது. வாக்கியத்தைப் பாதியில் நறுக்கி, எங்கேயோ வந்த கண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டியிருந்தார்கள்.

விஜயகுமாரியின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட குடும்பம். உமாசங்கர் சனத்நகரில் பம்பு செய்யும் ஆலையில் ஃபிட்டர். அங்கே தொழிற்சங்கத் தலைவனாக இருந்தவன்தான் விஸ்வநாத். ஆலையை மூடி நிலத்தை விற்க முதலாளி கிளம்பியபோது ஒரு மழைக்காலம் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. விஸ்வநாத் இவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டான், இவர்கள் பாயில்தான் படுத்தான். போலீஸ் தடியடியில் அவன் தலைக்கு வந்த அடியை உமாசங்கர் கையால் தாங்கினான். வலது மணிக்கட்டு நொறுங்கியது. அதன்பிறகு அந்தக் கை ஸ்பேனரை இறுக்கிப் பிடித்ததேயில்லை. விஸ்வநாத் தேர்தலில் நின்றபோது விஜயகுமாரி தெலுங்கு, இந்தி, தமிழ் மூன்றிலும் பேசி வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள். ஜெயித்தான். அமைச்சரானான். ஆலையை மூடி நிலத்தைக் கட்டடக் கம்பெனிக்குக் கொடுக்க அனுமதி தந்ததும் அவனேதான்.

உமாசங்கர் நம்பவில்லை. தலைவருக்குத் தெரியாமல் நடந்திருக்கும், நேரில் சொன்னால் நிறுத்திவிடுவார் என்று பங்களாவுக்குப் போனான். வாசலில் உட்காரச் சொன்னார்கள். வாரக்கணக்கில் போய் உட்கார்ந்தான். ஒருநாள் கார் வெளியே வந்தபோது ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினான். கண்ணாடி இறங்கவில்லை. வாட்ச்மேன் பிடித்துத் தள்ளியதில் ரோட்டில் விழுந்தான். அதற்குப் பிறகு அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மறுவருஷக் கோடையில் பக்கவாதம் வந்து செத்துப்போனான்.

இதையெல்லாம் விஜயகுமாரி சொன்னது ரஞ்சனாவிடம். படமெடுத்தவள் அவள்தான். குகட்பள்ளியில் வளர்ந்த தமிழ்ப் பெண்; அப்பா மத்திய அரசுப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்து தமிழில் பேசி, இது யாருக்கும் கட்டுப்படாத படம், உள்ளதை உள்ளபடி காட்டுவேன் என்று சொன்னாள். விஜயகுமாரி நம்பினாள்.

படம் முடிந்ததும் ரஞ்சனாவை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"என் பேச்சைக் கைக்கு வெட்டுனே? ஏன்?"

"எடிட்டிங் என் கையில இல்ல ஆன்ட்டி. அமைச்சர் ஆபீஸ்தான் பணம் போடுதுன்னு எனக்கே நடுவுலதான் தெரிஞ்சது."

"தெரிஞ்சப்ப வந்து சொன்னியா?"

ரஞ்சனா பக்கவாட்டில் நழுவப் பார்த்தாள். தன் பகுதியை எடுத்துவிடச் சொன்னாள் விஜயகுமாரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களே, இனி முடியாது என்று பதில் வந்தது.

திரும்பும் வேனில் பக்கத்தில் தேவசகாயம். பல வருஷம் விஸ்வநாத்துக்குக் கார் ஓட்டியவர். நிலம் கைமாறுவதற்கு முன் தலைவரைக் கட்டடக் கம்பெனி முதலாளியின் வீட்டுக்குக் கூட்டிப்போனதை அவரும் கேமரா முன் சொல்லியிருந்தார். படத்தில் மிஞ்சியதோ, தலைவர் வண்டியிலேயே சாப்பிட்டு வண்டியிலேயே தூங்குவார் என்பது மட்டும். விட்டுவிடு, இந்த வயசில் அவர்களோடு மோத முடியுமா என்றார் அவர்.

"உங்களுக்கு வேணும்னா விட்டுடுங்கண்ணே. எனக்கு நக்கோ, நான் விடமாட்டேன்" என்றாள் விஜயகுமாரி.

தேர்தல் நெருங்கியிருந்தது. பெரிய திரை கட்டிய வேன்களில் அந்தப் படத்தைத் தெருத் தெருவாகப் போட்டார்கள். எந்த வேன் எங்கே வருகிறது என்பது கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் வரும். பழைய தேர்தல் வேலைக்காக எப்போதோ சேர்த்த அவளை அதிலிருந்து நீக்க யாருக்கும் தோன்றவில்லை. முதல் நாள் சாயங்காலம் சனத்நகர் மார்க்கெட்டில் வேன் நின்றபோது அவள் திரைக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். தன் முகம் வந்து, பாதி வாக்கியம் முடிந்ததும், மீதியைக் கத்திச் சொன்னாள். கூட்டம் மேலே இருந்த முகத்தையும் கீழே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. கட்சிப் பையன்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். அவள் அதற்கு மேல் கத்தினாள்.

மறுநாள் வேறு தெரு. அதற்கு மறுநாளும். ஒரு பையன் அவளைப் பிடித்து இழுத்ததில் ரவிக்கையின் தோள் கிழிந்தது. வீட்டில் மகள் ஹம்ஸினி, உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தெலுங்கில் அழுதாள். தோளைத் தைத்து அதே ரவிக்கையைப் போட்டுக்கொண்டு விஜயகுமாரி கிளம்பினாள். அன்று வேனுக்குப் பக்கத்தில் தேவசகாயம் நின்றிருந்தார். திரையில் அவர் முகம் வந்ததும், தலைவரை யார் வீட்டுக்குக் கூட்டிப்போனார் என்பதை ஊர் கேட்கச் சொன்னார். ஜனங்கள் செல்போனில் பிடித்தார்கள். அதற்கப்புறம் பழைய ஆலை ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

அந்த வாரமே அவளைக் கூட்டிப்போகப் பங்களாவிலிருந்து கார் வந்தது. விஸ்வநாத் எழுந்து வந்து, "ரா அக்கா" என்று தெலுங்கில் வரவேற்று உட்காரவைத்தான். டீ வந்தது. அவள் தொடவில்லை. ஆலையைக் காப்பாற்ற எவ்வளவோ பார்த்தேன், அரசியலில் எல்லாம் நம் கையில் இல்லை என்றான். உமாசங்கரை மறப்பேனா, புதுச் சமுதாயக் கூடத்துக்கு அவன் பெயரையே வைக்கப்போகிறேன் என்றான்.

தடியடியில் உமாசங்கருக்கு எந்தக் கை உடைந்தது என்று அவள் கேட்டாள்.

விஸ்வநாத் பக்கத்தில் நின்ற உதவியாளனைப் பார்த்தான். உதவியாளன் செல்போனைப் பார்த்தான்.

"உன் தலைக்கு வந்த அடி. அதுகூட உனக்கு ஞாபகமில்ல. என் புருஷன் பேரை எதிலயும் எழுதாதே" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அவன் அனுப்பிய காரில் ஏறாமல் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

படத்திலிருந்து அவளையும் தேவசகாயத்தையும் எடுத்துவிட்டார்கள். தேர்தலில் விஸ்வநாத் மறுபடியும் ஜெயித்தான். சனத்நகரில் மட்டும் அவனுக்கு ஓட்டுக் குறைந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் கூடத்தைக் கட்டி முடித்து, பெயரை எழுதியேவிட்டார்கள். 'தோழர் உமாசங்கர் நினைவு சமுதாயக் கூடம்' என்று தெலுங்கில், பக்கத்தில் சிரிக்கும் விஸ்வநாத்தின் படத்தோடு. திறப்பு விழா அன்று காலை, பந்தல்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, விஜயகுமாரி கறுப்பு பெயின்ட் டப்பாவோடு வந்தாள். தேவசகாயம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஏறி, முதலில் கணவனின் பெயரை அழித்தாள். ஒரு எழுத்து விடவில்லை. பிறகு அந்தச் சிரிப்பை அழித்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு என்றார்.

"எழுதிக்குங்க சார். அது என் வீட்டுக்காரர் பேரு. அதை அவன் சுவத்துல விட்டு வெக்க மாட்டேன்."

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவளும் தேவசகாயமும் பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போய்வருகிறார்கள். கூடத்தில் மறுபடி பெயர் எழுதினார்கள். அவள் மறுபடி போனாள். இப்போது அந்தச் சுவரில் பெயரில்லை, வெறும் வெள்ளைதான் அடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் ஒரு நிமிஷம் நின்று, யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள்.