சாவித் தலையில் ஒரு துளை

பல் வைத்தியனான நான் ஒருநாள் சொன்ன பொய் ஓர் உயிரைக் குடித்திருக்கும்.

போரால் மின்சாரம் இல்லாத காலம். தகப்பனின் செத்தவீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கோப்பாயிலிருந்த என் சிகிச்சை அறைக்கு வந்தார். அவருடைய தாடையெலும்பில் ஓர் உலோக வேரைப் பதித்து, அதன்மேல் பல்லைத் திருகாணியால் பூட்டியிருந்தார்கள். திருகாணி கழன்று பல் ஆடியது. முடுக்குவதற்கான சின்னச் சாவியும் அவரிடம் இருந்தது. அப்படியொரு பல்லை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

“முந்திச் செய்திருக்கிறியளோ?” என்று கேட்டார்.

“ஓம், எத்தினையோ பேருக்கு.”

கூட வந்திருந்த அவருடைய அண்ணன், கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியைக் கையால் சுற்ற, டைனமோ வெளிச்சத்தில் முடுக்கினேன். இரண்டாவது சுற்றில் சாவி எச்சிலில் வழுக்கித் தொண்டைக்குள் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மேலே குண்டு போடும் பொம்பர் விமானம் இரைந்தது. அண்ணன் பயந்து மிதியை விட்டுவிட்டார். வாய்க்குள் இருட்டு.

“விழுங்காதேங்கோ! குனியுங்கோ!”

முதுகில் தட்டினேன். மூச்சு இழுபட்டது. இருமினார், மறுபடி இருமினார். சாவி சீமெந்துத் தரையில் ‘கிளிங்’ என்று விழுந்தது.

இருமல் அடங்கியதும், சாவியின் தலையிலிருந்த துளையை எனக்குக் காட்டினார். “இதுக்குள்ளை நூல் கோத்து, விரலிலை கட்டிக்கொண்டுதான் அங்கை செய்தவை.”

“ஏன் அப்பவே சொல்லேல்லை?”

“எத்தினையோ பேருக்குச் செய்தனான் எண்டியள். உங்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

ஒரு நூலைக் கோத்து என் விரலில் கட்டினேன். “எனக்கு இதுதான் முதல்தரம்,” என்றேன்.

அண்ணனை மறுபடி மிதியைச் சுற்றச் சொன்னார். பிறகு வாயைத் திறந்தார்.

என்னை நம்பி எத்தனையோ பேர் வாய் திறந்திருக்கிறார்கள். உண்மையைக் கேட்டபிறகும் திறந்தவர் அவர்தான்.