கடிக்காத செருப்பு

பேருந்து ஓட்டுநருக்குக் கடலைக் கண்டு பயமில்லை. மனைவியின் குதிகாலைக் கண்டுதான் பயம். அவளுக்குச் சர்க்கரை. போன வருடம் புதுச் செருப்பு கடித்து வந்த ஒரு கொப்புளம் ஆறுவதற்குள் இரண்டு டாக்டர்கள் ஓய்ந்துபோனார்கள்.

மகள் கப்பல் பயணத்துக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் ரப்பர் செருப்புக்கு அனுமதி இல்லை. மனைவியிடம் இருந்ததோ ரப்பர் செருப்பு மட்டும்தான்.

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் வரல," என்றாள் மனைவி.

பேக்கரி கல்லாவில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். அவள் இல்லாமல் அவர் கப்பலில் போய் என்ன செய்வார், அலையை எண்ணுவாரா?

இழுத்துக்கொண்டு போய்ச் செருப்பு எடுத்துக் கொடுத்தார். அடி மெத்தென்று இருந்தது, வழுக்கவில்லை, குதி தாழ்வு. பட்டைதான் மகா விறைப்பு. "கடைக்காரர் இளக்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார்," என்று புளுகிவிட்டு ஓட்டுநர் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இருவருக்கும் ஒரே அளவுக் கால். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் பேருந்தை ஓட்டினார்.

நடத்துநர் குனிந்து பார்த்தார். தங்க நிறக் கொக்கி மின்னியது. "என்னண்ணே இது?"

"செருப்பு."

"அண்ணியோடதா?"

"இப்போதைக்கு என்னோடது."

கிளம்பும் நாள் வரை செருப்பு அவரைக் குதறியது. வீட்டில் வாயே திறக்கவில்லை. கடைசியில் கடித்துக் கடித்து அதற்கே அலுத்துவிட்டது.

கப்பலில் முதல் விருந்து. மனைவி கூடத்துக்குள் விறுவிறுவென்று நடந்து போனாள். ஒரு தடவைகூடக் குனிந்து காலைப் பார்க்கவில்லை. அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு வாசலிலேயே நின்றார், ஏனென்றால் சீருடைக்காரர் அவரை உள்ளே விடவில்லை. புண்ணுக்குமேல் ஷூ ஏறாததால் ரப்பர் செருப்பில் வந்திருந்தார்.

அவள் திரும்பி வந்து அவர் காலைப் பார்த்தாள். தன் செருப்பில் எங்கெங்கே பட்டையோ, அவர் காலில் அங்கங்கே பிளாஸ்திரி.

"கடைக்காரர் நல்லாத்தான் இளக்கியிருக்கார்," என்றாள்.

மேல்தளத்தில் யார் காலையும் பார்க்காமல் சாப்பாடு போடுகிறார்கள் என்று சீருடைக்காரர் வழி காட்டினார். படியில் அவள் கையை நீட்டினாள்.

"மெதுவா வாங்க. நான் நல்லாத்தான் நடக்கிறேன்."