இருபதும் இடது கால்

தாராவியில் செருப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது எழுபது. புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் பத்து ஜோடிக்குத் தோல் வெட்டிக் கொடுத்தேன். தைக்கிற முருகன் பதறிவிட்டார். "பாய், இருபதும் எடது காலால்லா இருக்கு!"

ஒரு வாரமாகவே மறதிதான். நோய் மூளைக்கு ஏறிவிட்டதென்று பயந்து, மனைவி ஜமீலாவிடமும் மறைத்தேன். நல்லவேளை, முருகன் போட்டுக் கொடுத்துவிட்டார். அவள் அன்றே டாக்டரிடம் இழுத்துப் போனாள். சிறுநீரில் கிருமித் தொற்றாம். அந்த அழற்சிதான் வயதான மூளையைக் குழப்பியதாம். புற்றுநோய் திரும்பவில்லை!

மருந்து சாப்பிட்டதும் தலை தெளிந்தது. இப்போதெல்லாம் சின்ன மறதியென்றாலும் உடனே ஜமீலாவிடம் சொல்லிவிடுகிறேன்.

தலை தெளிந்த கையோடு உட்கார்ந்து இருபது வலது கால் வெட்டினேன். முதல் ஜோடி ஜமீலா காலில்தான் இருக்கிறது.