அம்மா வைத்த ஆட்டுக்கால் சூப்பு

ராஜபாளையத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டு முக்கில் தள்ளுவண்டிக்காரர் சூப்புச் சட்டியைத் திறந்தார். மிளகும் சீரகமும் மணத்த அந்த ஆவி முகத்தில் பட்டதும் நின்றுவிட்டேன். யூரிக் ஆசிட் கூடிப்போன நான் ஒதுக்க வேண்டியவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில், ஆட்டுக்கால் சூப்புதான் முதல் வரி.

என் சின்ன வயதில் அப்பா மில்லில் வேலை பார்த்தார். திடீரென்று அவருடைய கால் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கிவிடும். போர்வை பட்டால்கூடத் துடிப்பார். வாயு என்றார்கள்; எனக்கு இப்போது வந்திருக்கும் அதே நோய்தான். அம்மா உடனே மோரை நிறுத்தினாள். கால் வலிக்கு ஆட்டுக்கால்தான் மருந்து என்று யாரோ சொன்னதை நம்பி, அதை வாங்கித் தீயில் வாட்டி, தட்டிப்போட்டு, அரை நாள் வேகவைப்பாள். எங்களுக்கு வாசம் மட்டும்தான்.

"சூடா குடிங்க, செத்த நேரத்துல வலி போயிரும்" என்று ஊதி ஊதிக் கொடுப்பாள். அப்பா ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டார். அடுத்த வாரம் விரல் மறுபடி வீங்கும். அம்மா இன்னும் இரண்டு கால் கூட வாங்குவாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கேட்டாள். "ஏட்டி, டாக்டர் என்னத்த ஒதுக்கச் சொன்னாரு?"

"ஈரல், நெத்திலி... மோரு நெறைய குடிக்கலாமாம்."

"மோரா?" அவள் முகம் வாடிவிட்டது. "ஒங்கப்பாவுக்கு நான் கண்ணுலயே காட்டலியே. அப்ப ஆட்டுக்காலு?"

சீட்டை மடித்துக்கொண்டேன். "அதப் பத்தி ஒண்ணும் போடலம்மா."

"அதான பாத்தேன். அதக் குடிச்சுத்தான ஒங்கப்பா எந்திரிச்சு நடந்தாக" என்றாள் முகம் தெளிந்து. "நாளைக்கு நாலு காலு வாங்கியா. வச்சுத் தாரேன்."