போட்டு வாறன்

பேய், பிசாசு, காத்துக் கறுப்பு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சட்டத்தரணிதான், சாட்சி எங்கே என்று கேட்பீர்கள். சாட்சி இல்லை, நான் ஒருத்திதான். குறுக்கு விசாரணை செய்தால் விழுந்துவிடுவேன், அதுவும் தெரியும். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். நடுச்சாமத்தில் என்று நினைக்காதீர்கள், பட்டப்பகலில், கோப்பாயில்.

சட்ட முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்து, வகுப்புகளை முடித்து, ஆய்வேட்டில் வந்து நின்றுபோயிருந்தேன். அம்மா செத்த பிறகு ஒரு வரி ஓடவில்லை. தம்பி கனடாவில். பல்கலைக்கழகத்தில் கடைசித் தவணையும் தந்துவிட்டார்கள், அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவே போய்விடும், பட்ட பாடெல்லாம் வீண். அம்மாவின் கட்டிலைப் பார்த்துக்கொண்டு எழுத முடியாது என்றுதான், லண்டன்காரர் ஒருவரின் பூட்டிக் கிடந்த வீட்டை வாடகைக்கு எடுத்தேன். பூட்டின் திறப்பு முன்வீட்டுப் பவளமக்காவிடம் இருந்தது. பெரிய வீடு. அத்தனை அறையில் நான் இருந்தது ஒன்றில், மற்றதெல்லாம் சும்மா கிடந்தது.

என் ஆய்வு, காணி விடயத்தில் வாய்ச்சொல்லுக்கு என்ன பெறுமதி என்பது. சுருக்கமாகச் சொன்னால் ஒன்றுமில்லை. நொத்தாரிசு முன்னால் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் செல்லும், அதனால்தானே அந்தப் பத்திரத்துக்கே உறுதி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஊர் கேட்கத் "தாறன்" என்று சொன்னாலும் காற்றோடு போச்சு. இதைத்தான் நாள் முழுக்க எழுதுவேன், பிறகு அழிப்பேன். சில நாட்களில் என் குரலை நானே கேட்பது கடையில் "ஒரு பாண் தாங்கோ" என்று சொல்லும்போது மட்டும்தான்.

எங்கள் ஆட்கள் வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், உங்களுக்குத் தெரியும். தப்பித் தவறிச் சொன்னால் அம்மா பாய்ந்து வருவா. "அதென்ன போறன்? போட்டு வாறன் எண்டு சொல்லு!" அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் பாண் வாங்க வெளிக்கிட்டவள், கதவை இழுத்துச் சாத்தும்போது, ஒருத்தரும் இல்லாத வீட்டைப் பார்த்து "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன்.

"ஓம்" என்றது உள்ளேயிருந்து.

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். அடுப்படியில் கைவேலையாய் நிற்கிற ஆள் திரும்பிப் பார்க்காமலே சொல்லுமே ஒரு ஓம், அப்படி. ஆணா பெண்ணா என்று சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோவாக இருக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு, திரும்பக் கதவைத் திறந்து அறை அறையாகப் பார்த்தேன். அடுப்படியில் நான் காலையில் கழுவிக் கவிழ்த்த கோப்பை இருந்தது, வேறொன்றுமில்லை.

அடுத்த நாள் வேண்டுமென்றே சொன்னேன். "போட்டு வாறன்."

"ஓம், கெதியா வா."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புத்தூர் வரைக்கும் போய், முன்பின் தெரியாத ஒரு ஒழுங்கையில் நிறுத்திவிட்டு அழுதேன். பயத்தில் அழுதேன் என்று நினைப்பீர்கள். சீக்கிரம் திரும்பி வா என்று என்னிடம் ஒருவர் சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருந்தது, அதுதான்.

அதற்குப் பிறகு எழுத்து ஓடத் தொடங்கியது, அதை என்னென்று சொல்ல! காலையில் இருந்து மத்தியானம் வரை எழுதுவேன், பிறகு தேவையில்லாத சாமானெல்லாம் வாங்க வெளிக்கிடுவேன், அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான். ஆனாலும் மனசு குடைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் பட்டும் படாமலும் பவளமக்காவைக் கேட்டேன். "அக்கா, உந்த வீட்டிலை ஆரும் செத்தவையோ?"

"சீ, என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை! உதிலை ஒருத்தரும் சாகேல்லை. எல்லாரும் வெளிநாடு போனவை. முதல்லை மூத்தவன், பிறகு பெட்டையள், கடைசியாத் தாயும் தகப்பனும். ஒவ்வொருத்தரும் வாசல் படலையடியிலை நிண்டு போட்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வான் ஏறினவை. ஒருத்தரும் வரேல்லை."

ஆய்வேட்டைத் தவணைக்குள் கொடுத்தேன். கொழும்பில் வேலையும் கிடைத்தது. வீட்டை விடுகிற அன்று வாகனத்தில் புத்தகங்களை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்தேன். நன்றி சொல்லி, இனி நான் வரமாட்டேன் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று முடிவோடுதான் நின்றேன். வாயைத் திறந்தால் வந்தது பழைய சொல்தான். "போட்டு வாறன்."

"ஓம். பாத்துக்கொண்டு இருப்பன்."

வாய்ச்சொல் ஆளைக் கட்டாது என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதியவள் நான். படலையைத் தாண்டக் கால் வரவில்லை. சாரதி ஹோர்ன் அடித்த பிறகுதான் போய் ஏறினேன்.

கொழும்புக்கு வந்து கொஞ்ச நாளில் பவளமக்கா போன் எடுத்தா. வங்கியில் வேலை செய்யும் ஒரு பெடியனும் மனைவியும் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்களாம்.

"பிள்ளை, அந்தப் பெடியன் பின்னேரம் வேலையாலை வந்து கதவைத் திறக்க, உள்ளுக்கை இருந்து 'வந்திட்டியோ பிள்ளை?' எண்டு கேக்குதாம். ஆரது எண்டு கேட்டால் சத்தமில்லையாம். அடுத்த நாளும் அப்பிடித்தானாம். நீ ஏதும் சொல்லிப்போட்டுப் போனனியோ?"

போனை வைத்துவிட்டேன். அவர்களும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள், வீடு பழையபடி பூட்டு.

பட்டம் வாங்கிவிட்டேன். சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறேன். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறை, எதிர் அறையில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாது. காலையில் பூட்டும்போது அந்தச் சொல் நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவேன். போன கிழமை அவசரத்தில் வழுக்கி வெளியே வந்துவிட்டது. திறப்பைப் பிடித்தபடி அப்படியே காத்து நின்றேன். இந்த அறை ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே, கதவைத் திறக்க ஒருத்தரும் இல்லாத வீட்டில், பின்னேரமானால் அது இப்போது யாரைக் கேட்கிறதோ!